ஒரு தலைக்கு ஒரு பாக்கெட்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் ஐந்து அல்லது ஆறு மில்லி இருக்கும். நூறு மில்லி வேண்டுமென்றால் அதிகபட்சம் 20 பாக்கெட், 20 ரூபாய். அதே பிராண்டை, அதே வாசனையை, சூப்பர் மார்க்கெட்டில் சின்ன பாட்டிலாக வாங்கினால் நூறு மில்லிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். மொத்தமா வாங்கினா மலிவு என்றுதான் அரிசியிலிருந்து இன்டர்நெட் டேட்டா வரைக்கும் நாம் பழகியிருக்கிறோம். ஷாம்பு மட்டும் தலைகீழ். அலுவலகத்தில் ஒருமுறை இதைச் சொன்னபோது பக்கத்து சீட்காரர் நம்பவே இல்லை. "யூனிட்டை மாத்திப் போட்டிருப்ப, மறுபடி பாரு" என்றார். எக்ஸெல்லில் போட்டுக் காட்டினேன். அன்றைக்குச் சாயங்காலமே அவர் ஒரு முழுச் சரம் வாங்கிக்கொண்டு போனார்.

பல நாடுகளில் ஏழையாக இருப்பதற்கே தனியாக ஒரு வரி உண்டு. கையில் பணம் குறைவு, அதனால் சின்னதாக வாங்குவார்கள்; சின்னதாக வாங்குவதால் அளவுக்கு அதிக விலை கொடுப்பார்கள். இந்திய ஷாம்புச் சந்தையில் மட்டும் இது ஏன் திரும்பி நிற்கிறது என்று தேடிப்போனால் ஒரு ஊரில் போய் முட்டுகிறோம்: கடலூர். எம்பிஏ வகுப்புகளில் அந்த ஊர்க் கதையை ஒரு விலை உத்தியாகச் சொல்லித்தருகிறார்கள். விலையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஒரு பொருள் உண்மையிலேயே வேலை செய்யுதா இல்லையா என்று தீர்மானிக்கும் இடத்தில், கொஞ்ச காலத்துக்காவது, பாட்டில் வாங்க முடியாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கடலூருக்குப் போகுமுன் ஒரு நிமிடம் பெர்லின். 1898-ல் அங்கே ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் என்ற வேதியியலர் மருந்துச் சரக்கும் வாசனைப் பொருளும் விற்கும் ஒரு கடை தொடங்கினார். அமெரிக்கர்கள் டிரக்ஸ்டோர் என்று சொல்வதற்கு ஜெர்மன் உறவுமுறை. 1903-ல் அவர் தண்ணீரில் கரையும் தலைக்குளியல் தூள் ஒன்றைச் சின்னக் காகித உறையில் போட்டு 20 ஃபென்னிக்குக்கு விற்றார். ஒரு உறை, ஒரு குளியல். ஆக, பாக்கெட் யோசனை நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அது தூள்; காகிதம் தாங்கும். திரவத்தைக் காகிதத்தில் கட்ட முடியாது.

ஷாம்பு என்ற சொல்லோ நம் பக்கத்திலிருந்து போனது. பிடித்துவிடு, அழுத்து என்ற பொருள் தரும் இந்துஸ்தானி ஏவல்சொல் 'சாம்போ'. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த குளியல்கூடம் வைத்தார். அங்கே சொல் ஒட்டிக்கொண்டு, உடம்பிலிருந்து தலைக்கு ஏறி, பாட்டிலுக்குள் இறங்கித் திரும்பி வந்தது. 'சாம்பு' என்று சொல்லி கான்வென்ட் பிள்ளைகளிடம் கிண்டல் வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரு செய்தி: மூலச்சொல் உங்கள் பக்கம்தான்.

நம்மிடம் ஏற்கெனவே இருந்தது சீயக்காய். கொங்குப் பக்கம் அரப்பு. இரண்டிலும் வேலை செய்வது சபோனின் என்ற நுரைக்கும் பொருள். எண்ணெயை எடுக்கும், முடியை ரொம்பக் காயவிடாது. சமூக ஊடகங்களில் இப்போது சீயக்காய்க்கு ஒரு பக்திப் பரவசம் ஓடுகிறது. நானும் சீயக்காய்க்கு எதிரி கிடையாது. ஆனால் அந்தப் பரவசத்தில் ஒரு ஆளைக் காணோம். சீயக்காயை வெயிலில் காயவைத்து, வெந்தயமும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் சேர்த்து, மில்லுக்குத் தூக்கிப்போய் அரைத்து, தும்மிக்கொண்டே சலித்து, வெள்ளிக்கிழமை விடியலில் வடித்த கஞ்சியில் கரைத்து, அடுத்தவர் கண்ணில் படாமல் தேய்த்துவிட்டு, பிறகு இடுப்பு வரைக்கும் தொங்கும் தன் முடியில் சிக்கிய துகள்களை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்த பெண். அவளுடைய நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை. போட்டிருந்தால் சீயக்காய் அவ்வளவு மலிவாகத் தெரிந்திருக்காது.

அவ்வளவுக்கு நேரமில்லாத நாட்களில் கைக்கு வந்தது சோப்பு, குளிக்கிற சோப்போ துவைக்கிற சோப்போ. இங்கேதான் வேதியியல் குறுக்கே வருகிறது. கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். வாளி ஓரத்தில் படிகிற அதே பிசுக்கு முடியிலும் படியும். நான் இன்ஜினியரிங் படித்த விடுதியில் போர்வெல் தண்ணீர். சோப்பு போட்டுக் குளித்தால் முடி காய்ந்த வைக்கோல் மாதிரி நிற்கும். 1930-களில் அமெரிக்காவில் செயற்கை டிடர்ஜென்ட்டில் செய்த ஷாம்புகள் வந்தன. இவை அந்தப் பிசுக்கை உண்டாக்குவதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்குப் பெரிய விஷயம் இது. ஆனால் 1970-களின் இந்தியாவில் ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் வசதியான வீடு.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் சிறிய அளவில் மருந்து, அழகுசாதனச் சரக்குத் தொழில் நடத்திவந்தார். வசதியானவர் உபயோகிக்கும் எதையும் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் உபயோகிக்க முடியணும் என்பது அவர் பிடிவாதம் என்று அவர் மகன் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். டால்கம் பவுடர் டப்பாவில் மட்டுமே கிடைத்த நாட்களில் அதைச் சின்னப் பொட்டலமாக்கினார். எப்சம் உப்பையும் அப்படியே. தூள்களுக்குப் பிறகு திரவத்தில் இறங்கினார். பிளாஸ்டிக் உறையைச் சூடு வைத்து ஒட்டி, கசியாமல், விலையும் ஏறாமல் செய்யவேண்டும். அந்த வழியைப் பிடித்தார். அதைப் பெரிய வியாபாரமாக்கி முடிக்குமுன் இறந்துபோனார். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். பின்னால் கோத்ரெஜ் நிறுவனம் அதைச் சந்தையில் கொண்டுசேர்த்தது.

அண்ணன்மார்களோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்த தம்பி சி.கே.ரங்கநாதன், கையில் 15,000 ரூபாயோடு 1983-ல் புதுச்சேரிப் பக்கம் சிறு அளவில் தொழில் ஆரம்பித்தார். ஷாம்புவின் பெயர் சிக்; அப்பா பெயரின் சுருக்கம். 1998-ல் நிறுவனத்தின் பெயர் கெவின்கேர் ஆனது. தமிழ்க் 'கவின்' உள்ளே இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் அப்பாவின் 'சி'யும் 'கே'யும் மறுபடி ஒளிந்திருக்கின்றன. இந்தக் கதையில் பெரும்பகுதி அவரே பேட்டிகளில் சொன்னது. ஜெயித்தவர் சொல்லும் கதை என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். அந்தத் தள்ளுபடியோடு கேட்கலாம்.

அவர்கள் செய்த இரண்டு காரியங்களை நான் அடிக்கடி யோசிப்பேன். ஒன்று கிராமத்துச் செயல்விளக்கம். ஊர் நடுவில் ஒரு பையனை உட்காரவைத்து, கூட்டத்தின் முன்னால் அவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டுவது. பிறகு கூட்டத்தைக் கூப்பிட்டு அந்த முடியைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க என்பது. ரஜினி படங்கள் போடும் இடங்களில் நடுவே விளம்பரம், கூடவே இந்தச் செயல்விளக்கம், கையில் ஒரு இலவசப் பாக்கெட். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது அசல் டெமோ. பவர்பாயின்ட் இல்லை, வாக்குறுதி இல்லை. பொருள் ஓடுவதை நேரில் காட்டிவிட்டு, கீபோர்டை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று பரிமாற்றத் திட்டம். எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். எதிராளியின் வாடிக்கையாளரை எதிராளியின் குப்பையைக் கொண்டே கூப்பிடுவது. கொஞ்ச நாளில் விதியை மாற்றினார்கள்: இனிமேல் சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆனதாக ரங்கநாதன் சொல்கிறார். மல்லிகை, ரோஜா வாசனைகள் அதற்கப்புறம் வந்தன. நடிகை அமலாவின் விளம்பரம் அதற்கும் அப்புறம். அதாவது நட்சத்திரம் வருவதற்குள்ளேயே பொருள் தலைகளில் ஏறியிருந்தது. இன்றைக்கு எந்த ஸ்கின்கேர் ஸ்டார்ட்அப்பும் இந்த வரிசையில் செய்வதாகத் தெரியவில்லை.

பாக்கெட் என்ன செய்தது என்று இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாட்டில் வாங்குவது ஒரு நம்பிக்கை ஒப்பந்தம். காசு மொத்தமாகப் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் தீரும் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே தேய்க்கவேண்டும், அல்லது விருந்தாளிக்கு வைக்கவேண்டும். எழுபத்தைந்து பைசா பாக்கெட்டில் அந்த ஆபத்து எழுபத்தைந்து பைசாதான். முடி காய்ந்ததும் தீர்ப்பு தெரிந்துவிடும். பிசுக்கு போச்சா, சீப்பு ஓடுதா, வாசனை சாயங்காலம் வரைக்கும் நிக்குதா. அடுத்த வாரம் வேறு பாக்கெட். இப்படி லட்சக்கணக்கான வீடுகளில் வாராவாரம் நடந்த சோதனையில் மட்டமான சரக்கு ரொம்ப நாள் பிழைக்க முடியாது. மலிவு என்பது தரக்குறைவுக்குச் சாக்காக இருந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே இருப்பதும் இதற்கு ஒத்துழைத்தது. விலை உயர்ந்த பாட்டிலோ ஒரு ரூபாய்ப் பாக்கெட்டோ, பெரும்பாலான ஷாம்புகளில் அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்வது சோடியம் லாரெத் சல்ஃபேட் வகைப் பொருள்தான். கூழ் பதத்துக்குக் கொண்டுவருவது பல நேரம் நம்ம சமையல் உப்பு, சோடியம் குளோரைடு. விலை வித்தியாசம் வாசனையிலும் முடியை மிருதுவாக்கும் சிலிகோன், பாலிமர்களிலும் அட்டைப்பெட்டியிலும் நடிகையிலும் இருக்கிறது. நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எண்ணெய் வைத்த தலையில் முதல் தடவை நுரை வராது, எண்ணெய் அதைக் கொன்றுவிடும். இரண்டாம் தடவைதான் பொங்கும். முதல் தடவையே வேலை பாதி முடிந்திருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் தடவை என்றால் இரண்டாம் பாக்கெட். எங்கள் வீட்டில் எனக்குப் பாதி, அக்காவுக்கு ஒன்றரை என்று அம்மா பங்கு வைப்பார். "உனக்கெதுக்குடா முழுப் பாக்கெட்டு, தேங்கா மூடி அளவு தலைக்கு?" என் பாதியை முனை மடித்துத் துணி கிளிப் போட்டு, குளியலறை ஜன்னல் கம்பியில் மாட்டிவைப்பார். பின்னாளில் கிராமத்துச் செயல்விளக்கம் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்: உட்காரவைத்தது ஒரு பையனை. ஒரே பாக்கெட்டில் நுரை பொங்கி வழிய அதைவிடத் தோதான தலை கிடைக்காது. தொட்டுப் பார்க்க வந்த பெண்களின் கூந்தலில் அந்த ஒரு பாக்கெட் எங்கே என்று தேடவேண்டியிருந்திருக்கும். ஒரு தலைக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கில் யார் தலை என்பது எழுதப்படவில்லை. வீட்டில் அதிக முடி இருப்பவரும் கடைசியாகக் குளிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

பெரிய நிறுவனங்கள் பாக்கெட்டைக் கவனிக்க அதிக நாள் எடுக்கவில்லை. எல்லோரும் பாக்கெட்டுக்கு வந்தார்கள். 1990-களின் கடைசியில் சிக் 50 பைசாவுக்கு இறங்கியது, மறுபடி ஒரு யுத்தம். அதற்குப் பிறகு விலையைத் தீர்மானித்தது நாணயச் சாலை. எட்டணா காசு செல்லுபடியாகும், ஆனால் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற நிலை வந்ததும் விலை ஒரு ரூபாயில் போய் நின்றது. ஒரு ரூபாய் என்பது பூட்டு. மூலப்பொருள் விலை ஏறினால் ஒன்று பத்து என்று விற்க முடியாது; பாக்கெட் கால் மில்லி இளைக்கும். எதிராளி பருத்தால் நாமும் பருக்கவேண்டும். பாட்டிலுக்கு இந்தப் பூட்டு கிடையாது. அது இஷ்டத்துக்கு ஏறலாம். நான் மேலே போட்ட தலைகீழ்க் கணக்கு இப்படித்தான் உருவானது.

இவ்வளவும் ஷாம்புவுக்கு. இதே பாக்கெட்டில், இதே சரத்தில், இதே ஏஜென்ட் வழியாக இன்னொரு பொருளும் வந்தது. முகத்தைச் சிவப்பாக்கும் க்ரீம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-லிருந்தே சந்தையில் இருந்தது. 1998-ல் கெவின்கேர், குங்குமப்பூவும் பாலும் என்று சொல்லி ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. கூலி வேலை செய்பவரும் உபயோகிக்கணும் என்ற கடலூர் லட்சியத்தின் வாரிசுகளில் இதுவும் ஒன்று. இந்த இடத்தில் எனக்கு அந்தக் கதை கசக்கிறது.

நிறத்தை வைத்துப் பெண்ணை மட்டம் தட்டும் சமூகத்தில் அந்தத் தாழ்வு மனப்பான்மையை விற்றார்கள் என்பது உண்மை. நிறையப் பேர் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் கவனிப்பது சோதனை எப்படி உடைந்தது என்பதை. ஷாம்பு அன்றைக்கே பதில் சொல்லும். க்ரீம் ஆறு வாரம் கேட்கும். ஆறு வாரத்தில் ஒரு பெண் எத்தனை நாள் வெயிலில் நின்றாள், எத்தனை நாள் நிழலில் இருந்தாள், கல்யாண வீட்டு லைட்டில் கண்ணாடி பார்த்தாளா, டியூப்லைட்டில் பார்த்தாளா? பக்கத்தில் வைத்து ஒப்பிட க்ரீம் போடாத இன்னொரு முகம் அவளுக்குக் கிடையாது. இந்த க்ரீம்களில் பலவற்றில் நியாசினமைடும் வெயில் தடுப்புப் பொருளும் உண்டு. முன்னது மெலனின் நிறமி தோலின் மேல்செல்களுக்குப் போவதைக் கொஞ்சம் குறைக்கும், பின்னது வெயிலில் கறுப்பதைத் தடுக்கும். இரண்டும் உண்மையான வேலைகள். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி, ஒரு ஆள் உள்ளே போய் இன்னொரு ஆளாக வெளியே வருவதில்லை. பிறந்த நிறம் அப்படியேதான் இருக்கும்.

பாக்கெட் இங்கே சோதனைக் கருவியாக இல்லாமல் தவணைச் சீட்டாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் போவது சில்லறை, அதனால் ஏமாந்த கணம் என்று ஒன்று வருவதே இல்லை. இன்னொரு வித்தியாசம் அதைவிட மோசம். ஷாம்பு சரியில்லை என்றால் "இந்த சாம்பு வேஸ்ட்டு" என்று திட்டுவோம். க்ரீம் வேலை செய்யவில்லை என்றால் பெண் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள்: நான்தான் ஒழுங்காப் போடல, நான்தான் வெயில்ல போயிட்டேன்.

டெல்லியில் ஒருவர் தன்னைத் திட்டிக்கொள்ள மறுத்தார். ஆண்களுக்கான சிவப்பழகு க்ரீம் ஒன்றை 2013-ல் 79 ரூபாய்க்கு வாங்கி, சொன்னபடி போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். அவர் சரியாகப் பயன்படுத்தியதை நிரூபிக்கவில்லை, உணவு, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் பலன் என்றெல்லாம் நிறுவனம் வாதாடியது. 2024 டிசம்பரில் மாவட்ட ஆணையம் அது நியாயமற்ற வியாபாரம் என்று சொல்லி 14.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு பாக்கெட் ஷாம்புவுக்கு ஒரே குளியலில் கிடைக்கும் தீர்ப்பு, ஒரு டியூப் க்ரீமுக்குக் கிடைக்கப் பதினோரு வருஷம்.

முடி வளர்க்கும் எண்ணெய்களுக்கும் இதே கதைதான். ஹேர் டை இன்னொரு மாதிரி. பலன் பத்து நிமிடத்தில் தெரியும், பாதகம் இரண்டு நாள் கழித்துத் தெரியும். பல மலிவு டைகளில் பிபிடி என்ற பொருள் உண்டு. சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். முதலில் கொஞ்சம் எடுத்துத் தோலில் தடவி, 48 மணி நேரம் காத்திருந்து பாருங்கள் என்று லேபிளில் போட்டிருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி டை போடும் தாய்மாமனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

யாராவது, தம்பி, குறைஞ்ச விலையில நல்லதா என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால் (லேபிள் படிக்கிற ஆள் என்று பெயர் வாங்கியதால் கேட்கிறார்கள்) நான் பிராண்டு சொல்வதில்லை. அன்றைக்கே தெரியும் பொருளா என்று மட்டும் கேட்பேன். ஷாம்பு, கண்டிஷனர், பவுடர், கண்மை, நெயில் பாலிஷ், லிப்ஸ்டிக்: இதிலெல்லாம் மலிவானதைத் தைரியமாக வாங்கலாம், சாயங்காலம் கண்ணாடியே சொல்லிவிடும். ஐடெக்ஸ் மாதிரியான சென்னைக் கண்மை டப்பாக்கள் பெரிய கம்பெனிப் பென்சில்களுக்கு நடுவில் இத்தனை வருஷம் பிழைத்தது விளம்பரத்தால் அல்ல. மத்தியானத்துக்குள் வழிந்திருந்தால் ஃபேன்ஸி ஸ்டோர் பக்கம் யாரும் மறுபடி கேட்டிருக்கமாட்டார்கள். ஆறு வாரம், மூன்று மாதம் என்று தவணை கேட்கும் பொருள் என்றால், விலை எவ்வளவு குறைவோ அவ்வளவு சந்தேகம். வெயில் தடுப்பு க்ரீம் மட்டும் விதிவிலக்கு. அதன் வேலை கண்ணுக்குத் தெரியாது; ஆனால் எஸ்பிஎஃப் எண்ணை ஆய்வகத்தில் அளக்க முடியும்.

பாக்கெட்டுக்கே ஒரு விலை உண்டு, அதைக் கடைக்காரர் வாங்குவதில்லை. பாலியெஸ்டர், பாலிஎத்திலீன், நடுவில் உலோகப் பூச்சு என்று அடுக்கடுக்காக ஒட்டிய உறை அது. வெயிலில் தொங்கினாலும் மாதக்கணக்கில் உள்ளே இருப்பது கெடாது. அதே காரணத்தால் அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது. பழைய பேப்பர்க்காரர் பாட்டிலை எடைக்கு எடுத்துக்கொள்வார், பாக்கெட்டைத் தொடமாட்டார். எனக்குத் தெரிந்து காலிப் பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது, 1980-களில் அந்தப் பரிமாற்றத் திட்டம் ஓடிய கொஞ்ச காலம்தான். ஐந்து காலி கொடுத்தால் ஒன்று முழுசு. எந்தக் கம்பெனிக் குப்பையாக இருந்தாலும்.